முகமில்லாக் கணினி

கணினி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன ஒளிவிடும் திரையும் எழுத்துப் பொறித்த விசைப்பலகையுமேயாம். அவ்விரண்டும் இல்லாத ஒன்றைக் காட்டி, "இதுவே கணினி" என்று கூறினால், "முகமும் இல்லை, கையும் இல்லை, இதனோடு எங்ஙனம் பேசுவது?" என்று வினவுதல் இயல்பே. இவ்வாண்டு நம் கலாசாலையின் கணினிக்கூடத்தில் மாணவர்க்கு வழங்கப்பெற்ற ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்னும் பலகையைக் கண்டோர் பலரும் இவ்வாறே வினவினர். ஆறரைச் சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள அப்பலகை, தீப்பெட்டியினும் சற்றே நீண்டது; சட்டைப் பையில் அடங்குவது. எனினும் அது முழுக் கணினியே என்பதில் ஐயமில்லை.

இப்பலகையைத் திரையும் விசைப்பலகையும் இணைக்காமலே முதன்முறை இயக்கி, வேறொரு கணினியின் வழியாக அதனை ஆளும் பயிற்சி, முதல் நாளில் பலருக்கும் தோல்வியாய் முடிந்தது. அதுகண்டு ஒரு யோசனை எழுந்துள்ளது. இயங்குதளம், வைஃபை விவரம், கடவுச்சொல் ஆகிய யாவும் பொறித்த அட்டைகளை ஆசிரியரே ஒரே அச்சாக முன்கூட்டி ஆயத்தம் செய்து மாணவர்க்குக் கொடுத்துவிட்டால், நேரம் மிச்சமாகும். வகுப்பும் தடையின்றி நடக்கும் என்பதே அந்த யோசனை. நல்லெண்ணத்தோடு கூறப்பட்டதேயெனினும், இதனை நாம் ஏற்கவில்லை. மாணவன் தன் அட்டையைத் தானே எழுதுதல் வேண்டும், தவறினால் தானே காரணம் தேடுதல் வேண்டும் என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்போம்.

இப்பலகை தோன்றிய வரலாறே முதற்காரணம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனம் 1981-இல் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினியை உருவாக்கியது. அஃது அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இடம்பெற்றது. மின்விசையைத் தட்டியவுடன் அது கட்டளையை எதிர்நோக்கி நிற்கும். ஆதலின் அதன்முன் அமர்ந்த சிறுவர், நிரலெழுதுவதில் சிறிதேனும் கைவைக்க நேர்ந்தது. பின்னர் விளையாட்டுப் பெட்டிகளும், படத்தைச் சுட்டினால் வேலை செய்யும் கணினிகளும் வந்தன. வேலை எளிதாயிற்று, ஆயின் உள்ளே நடப்பது கண்ணுக்கு மறைந்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணினி அறிவியல் பயில விண்ணப்பிப்போரின் தொகையும், அவர்கள் வரும்போதே கொண்டுவரும் கைப்பயிற்சியும் குறைந்து வருவதை எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் கண்டு கவலையுற்றனர். அக்கவலையின் பயனாக 2009-இல் ராஸ்பெரி பை அறநிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் முதற்பலகை 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. உள்ளே நடப்பதை மாணவன் தன் கையால் அறிதல் வேண்டும் என்பதற்காகவே பிறந்த பொருளை, உள்ளே நடப்பதை மறைத்துக் கொடுப்பது முறையாகுமா என்பதே நம் வினா.

இனி, திரையின்றி இயக்குவதன் அவசியம் யாது என்பாரும் உளர். பலகை மலிவானதே, அதனோடு சேரவேண்டியவை மலிவானவையல்ல. நாம் மேற்கூறிய ஜீரோ 2 டபிள்யூ 2021 அக்டோபரில் வெளிவந்தபோது அதன் விலை 15 டாலர். அதனைத் திரையோடு இணைக்கச் சிறுவாய் எச்.டி.எம்.ஐ. மாற்றி ஒன்றும், விசைப்பலகையோடு இணைக்க யு.எஸ்.பி. மாற்றி ஒன்றும் வேண்டும்; பிறகு திரையும் விசைப்பலகையும் வேண்டும். ஒரு திரையின் விலைக்குப் பலகைகள் பல வாங்கலாம். வகுப்பில் ஒவ்வொருவர்க்கும் ஒரு திரை என்றால் செல்வக் கலாசாலைகட்கே அது கைகூடும். ஒவ்வொருவர்க்கும் ஒரு பலகை என்றால் நம்மனோர்க்கும் கைகூடும். அன்றியும், இப்பலகைகள் பிற்காலத்தில் செய்யவிருக்கும் தொழில்களை எண்ணிப் பாருங்கள். வயலோரத்தில் ஈரத்தை அளப்பதும், மொட்டைமாடியில் மழையைக் கணக்கிடுவதும், நூலகத்து மூலையில் நூற்பட்டியலை வழங்குவதும் திரையோடு செய்யும் வேலைகளா? முகமின்றி உழைக்கப்போகும் கணினியை முதலிலிருந்தே முகமின்றிப் பழக்குவதே தக்கது.

நிற்க. இதனைச் செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவோம். வழிப்பயணம் செல்வோனுக்குக் கட்டுச்சோறு கட்டுவதைப் போன்றது இவ்வேலை. வீட்டிலேயே நினைவாகக் கட்டிக் கொடுத்தவை அவனுக்கு உண்டு. மறந்தவற்றை நடுவழியில் கொண்டுபோய்க் கொடுத்தல் இயலாது. அவ்வாறே, பலகைக்கு வேண்டியவை அனைத்தையும் அது விழிப்பதற்கு முன்னரே மைக்ரோ எஸ்.டி. அட்டையில் எழுதி வைத்தல் வேண்டும். 2020 மார்ச்சில் வெளிவந்த ராஸ்பெரி பை இமேஜர் என்னும் நிரல் இதற்கு உதவுகிறது. இயங்குதளத்தை அட்டையில் எழுதுமுன், பலகையின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபையின் பெயரும் அதன் கடவுச்சொல்லும், எந்நாட்டில் இயங்கும் என்னும் குறியீடு ஆகியவற்றை அதன் இன்றைய பதிப்புகள் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றன. தொலைவிலிருந்து கட்டளையிடுதற்குரிய எஸ்.எஸ்.எச். வழியைத் திறக்கவும் அங்கேயே இசைவு தரல் வேண்டும். பின்பு அட்டையைப் பலகையில் செருகி மின்னூட்டினால், அது முதன்முறை எழுந்து, அட்டையின் முழு இடத்தையும் தனதாக்கிக்கொண்டு, வைஃபையை நாடும். சில நிமிடங்கள் பொறுத்திருந்து, நம் மடிக்கணினியிலிருந்து பலகையின் பெயரோடு 'டாட் லோக்கல்' என்பதைச் சேர்த்து அழைத்தால் அது விடை கொடுக்கும். விதை ஊன்றியவன் அப்பொழுதே மண்ணைக் கிளறிப் பார்த்தலாகாது; பொறுமையிழந்து முதல் நிமிடத்திலேயே மின்னைப் பிடுங்குவோன் அட்டையில் எழுதியதைக் கெடுத்துக்கொள்வான்.

இவ்வளவு எளிதாயின் பலர் தோற்றது ஏன்? தோல்விகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். ஒருவர் தம் அலைபேசியின் வைஃபையை நம்பியிருந்தார். அஃது 5 கிகாஹெர்ட்ஸில் பேசியது. இப்பலகையோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அன்றி வேறறியாது. மற்றொருவர் விடுதியின் வலைக்கு அனுப்பினார்; அவ்வலை உலாவியில் ஒரு பக்கத்தைக் காட்டிப் பெயர் கேட்கும். முகமில்லாப் பலகை அப்பக்கத்தைக் காண்பதெங்ஙனம், பெயர் எழுதுவதெங்ஙனம்? மூன்றாமவர் பழைய வழிகாட்டி ஒன்றைப் படித்து, வைஃபை விவரத்தைத் தனிக்கோப்பாக எழுதி அட்டையின் தொடக்கப் பகுதியில் வைத்தார். அக்கோப்பின் பெயருக்குப் பின்னால் 'டாட் டி.எக்ஸ்.டி.' என்னும் வால் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாலை நீக்கிய பின்னும் பயனில்லை. 2023 அக்டோபரில் வந்த பதிப்பு முதல் அம்முறையே கைவிடப்பட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தார். நான்காமவர் மின்வடத்தைச் சரியாகவே செருகினார். அட்டை எழுதியது சரிதானா என்று சோதிக்கும் படியை மட்டும் அவசரத்தால் தவிர்த்துவிட்டார்.

அன்பர்களே, இத்தோல்விகளில் வீணானது எது? இரு அலைவரிசைகளின் வேறுபாட்டை ஒருவர் அறிந்தார். வலையில் சேர்வதும் வலையைப் பயன்படுத்த இசைவு பெறுவதும் வேறுவேறு என்பதை மற்றொருவர் அறிந்தார். அச்சேறிய வழிகாட்டிக்கும் காலம் உண்டு, அதன் தேதியை முதலில் நோக்கல் வேண்டும் என்பதை மூன்றாமவர் அறிந்தார். இவற்றைச் சொற்பொழிவில் கேட்டிருந்தால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்திருப்பர். திரை இருக்குமிடத்தில், பிழை நேர்ந்தால் திரையே ஒரு வாசகத்தைக் காட்டும்; மாணவன் அதனைப் பிறர்க்குக் காட்டி விடை கேட்பான். திரை இல்லாவிடத்தில் மாணவன் தன் மனத்தில் ஒரு படம் வரைந்தாகல் வேண்டும். மின் வந்ததா? அட்டை படிக்கப்பட்டதா? இயங்குதளம் எழுந்ததா? வலையில் சேர்ந்ததா? அழைப்பு அதனை எட்டியதா? என்று படிப்படியாக வினவுதல் வேண்டும். பலகையிலுள்ள சிறு பச்சை விளக்கும் பேசும் என்பதை அறிந்தோர் சிலரே. அஃது ஏழு முறை விட்டுவிட்டு மின்னினால், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் அட்டையில் அகப்படவில்லை என்பது பொருள். நாடி பிடித்து நோயறிந்த வைத்தியரைப் போல, வெளியே தெரியும் சிறு குறியிலிருந்து உள்ளே நடப்பதை உய்த்துணரும் இப்பழக்கம் எல்லா அறிவியலுக்கும் பொதுவன்றோ?

இதுகாறும் கூறியது கல்வி பற்றியது. இனிக் கூறப்போவது காவல் பற்றியது; இதனையே நாம் பெரிதும் வற்புறுத்துகின்றோம்.

தொடக்கத்தில் ராஸ்பெரி பை பலகைகள் அனைத்துக்கும் பயனர் பெயர் 'பை' என்றும், கடவுச்சொல் 'ராஸ்பெரி' என்றும் ஒன்றாகவே இருந்தன. எஸ்.எஸ்.எச். வழியும் திறந்தே இருந்தது. கற்போர்க்கு எளிதாகும் பொருட்டே அவ்வாறு செய்தனர். ஒரு தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே சாவி என்றால், வீட்டார்க்கு எளிது. கள்வர்க்கு அதனினும் எளிது. 2016-இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் உள்ள கண்காணிப்புக் கருவிகளையும் ரௌட்டர்களையும் தேடி, அவற்றோடு விற்பனையிலேயே வந்த பெயர், கடவுச்சொல் இணைகளுள் ஏறத்தாழ அறுபதை ஒவ்வொன்றாக முயன்று உள்ளே புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அத்தகைய கருவிகளின் படை டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கியது. வலைத்தளப் பெயர்களுக்கு முகவரி கூறும் பணியை அந்நிறுவனம் செய்துவந்தமையின், புகழ்பெற்ற தளங்கள் பலவற்றை அமெரிக்க மக்கள் பல மணி நேரம் அணுக இயலாதாயினர். மிராயை இயற்றிய மூவரும் இளைஞர். 2017 டிசம்பரில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர் என்பதையும் நம் மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று. அதே 2017-இல், ராஸ்பெரி பை பலகைகளையே தேடிச் செல்லும் தீநிரல் ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய கடவுச்சொல்லோடு இருந்த பலகைகளில் அது நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றி உடையவனை வெளியே நிறுத்திவிட்டு, தன்னை ஏவியவனுக்காகக் கிரிப்டோ நாணயம் திரட்டும் கணக்கு வேலையில் பலகையை அமர்த்தியது.

இவற்றிலிருந்து பாடம் கற்கப்பட்டது. 2016 நவம்பரில் எஸ்.எஸ்.எச். வழியை மூடியே கொடுக்கத் தொடங்கினர். வேண்டுவோர் தாமே திறந்துகொள்ள வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் அப்பொதுவான பயனரையே நீக்கினர். ஒவ்வொருவரும் தமக்கெனப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்தாலன்றிப் பலகையை ஆளுதல் இயலாதென்றாயிற்று. வலையோடு இணையும் நுகர்பொருள்களை எல்லோர்க்கும் ஒரே கடவுச்சொல்லோடு விற்றலாகாது என்று விதிக்கும் சட்டம் பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. உலகம் பட்டறிந்து, பத்தாண்டிற்கு மேல் முயன்று விலக்கிய பழக்கத்தை, வகுப்பு நேரம் மிச்சமாகும் என்பதற்காக நம் கணினிக்கூடத்தில் நாமே மீண்டும் புகுத்துவதா?

"இது நான்கு சுவர்க்குள் நடக்கும் பயிற்சிதானே, கள்வர் எங்கே வருவர்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு விடையாக, இரண்டாம் வாரத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எடுத்துக்காட்டிற்காக ஆசிரியர் கரும்பலகையில் எழுதியிருந்த பலகைப்பெயரையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாணவர் இருவர் எழுத்துப் பிசகாமல் தம் அட்டைகளில் எழுதிக்கொண்டனர். வேலை முடிந்ததும் ஒருவர் தம் பலகையை அணைக்கக் கட்டளையிட்டார். அவர் பலகையின் விளக்கு அசையாமல் எரிந்தது. மூன்று இருக்கை தள்ளி, மற்றவர் ஒரு மணி நேரமாக எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றது. தம்முடையது என்று நம்பி அவர் பிறன் வீட்டில் புகுந்து விளக்கை அணைத்திருந்தார். கெட்ட எண்ணம் எவர்க்கும் இல்லை. கேடு மட்டும் விளைந்தது. இரண்டு அட்டைகள் ஒன்றானதற்கே இவ்விளைவாயின், வகுப்பின் அட்டைகள் எல்லாம் ஒன்றானால் யாது நேரும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. எஸ்.எஸ்.எச். என்னும் இம்முறை பிறந்ததே ஒரு கலாசாலையிற்றான். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கித் தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் வலையில் செல்லும் கடவுச்சொற்களை எவரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதையடுத்து, அங்கிருந்த தாத்து யுலோனென் என்பார் 1995-இல் இதனை இயற்றினார். சொற்களை மறைத்து அனுப்புவதோடு, மறுமுனையில் இருப்பது உண்மையில் நாம் தேடிய கணினிதானா என்பதையும் இம்முறை சோதிக்கும். ஒவ்வொரு கணினிக்கும் தனித்த சாவி உண்டு, முதன்முறை அழைக்கும்போது அச்சாவியின் கைரேகை போன்ற அடையாளத்தைக் காட்டி, "இதனை நம்பலாமா?" என்று கேட்கும். நம்மவர் படியாமலே "ஆம்" என்பர்! அட்டையை அழித்து மீண்டும் எழுதினால் சாவி மாறும். உடனே மடிக்கணினி, மறுமுனையின் அடையாளம் மாறிவிட்டதென உரக்க எச்சரித்து உள்ளே விட மறுக்கும். மாணவர் பலர் இதனைக் கணினியின் கோளாறு என்று எண்ணினர். கோளாறன்று, வாயிற்காவலன் தன் கடமையைச் செய்கிறான். ஒருமுறை இயக்கிய அட்டையை அப்படியே படியெடுத்து அனைவர்க்கும் வழங்கினாலோ, எல்லாப் பலகைகட்கும் சாவி ஒன்றாகிவிடும். அப்பொழுது காவலன் எவரைக் கண்டாலும் வாளாவிருப்பான். காவல் என்பது யாதென்று கற்பிக்கும் இடத்திலேயே காவலனைக் குருடாக்கியவர் ஆவோம்.

எதிர்த்தரப்பினர் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. இரண்டு மணி நேர வகுப்பில் பாதி மாணவர் வெறுங்கையோடு எழுந்து செல்வது வருந்தத்தக்கதே. சொந்த மடிக்கணினி இல்லாத மாணவர்க்கு இத்துன்பம் இருமடங்கு; வீட்டில் முயன்று பார்க்கவும் அவர்க்கு வழியில்லை. முதல் நாளிலேயே மனமுடைந்து, "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்குவோரையும் கண்டோம். ஆயின் மாணவனுக்குத் துணை செய்வது வேறு. அவனுக்குப் பதிலாகச் செய்வது வேறு. நீந்தக் கற்பவனுக்குச் சுரைக்குடுக்கை கட்டலாம். அவனைத் தோணியில் ஏற்றிவிட்டு நீந்தக் கற்றான் என்றல் கூடாது.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. முதலாவது, முதல் மூன்று வகுப்புகளை அட்டை எழுதுதற்கென்றே ஒதுக்குக. பாடத்திட்டம் அதனால் சிறிது பின்தங்கினும் குற்றமில்லை. இரண்டாவது, மின்னூட்டுமுன் மாணவன் நிரப்பவேண்டிய ஒருபக்கத் தாள் ஒன்று அச்சிடுக. வைஃபையின் அலைவரிசை, நாட்டுக் குறியீடு, பலகையின் தனிப்பெயர், அட்டையைச் சோதித்தது ஆகியவை அதில் இடம்பெறுக. கடவுச்சொல் மட்டும் அதில் இடம்பெறற்க. மூன்றாவது, கூடத்தில் ஒரே ஒரு திரையும், தொடர்வழிக் கம்பி ஒன்றும் இருக்கட்டும். பலகையின் ஊசிமுனைகள் 3.3 வோல்ட்டுக்கே உரியன; 5 வோல்ட் செலுத்தும் கம்பியால் பலகை பழுதாகலாம் என்பதை அதன்மேல் எழுதி வைக்க. தோல்வியுற்ற மாணவன் தன் ஊகத்தைத் தாளில் எழுதிய பின்னரே அத்திரையை நாடலாம் என்பது விதியாகுக. நான்காவது, மடிக்கணினி இல்லாதார்க்குக் கணினிக்கூடத்தை மாலை வேளையிலும் திறந்து வைக்க. இந்த நான்காவதற்கு ஆகும் செலவு, நாம் வாங்காதுவிட்ட திரைகளின் விலையில் மிகச் சிறு பகுதியே.

மாணவ நண்பர்காள்! நாளை நீங்கள் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் மின்நிலையங்களிலும் கண்ணுக்குத் தெரியாத கணினிகள் பலவற்றை ஆளப்போகின்றீர்கள். அவற்றுள் பல எங்கோ ஓர் அறையில், முகமின்றி, இரவும் பகலும் உழைப்பன. அவற்றின் கதவைப் பூட்டினோமா, சாவி யாரிடம் உள்ளது என்று வினவும் பழக்கம் அன்று திடீரென்று வந்துவிடாது. பதினைந்து டாலர் பலகை ஒன்றில், பிழைத்தால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய அட்டை ஒன்றில், இன்றே அதனைப் பழகுங்கள். முதல் அழைப்புக்கு விடை வராவிடின் சோர்வடையாதீர். உங்கள் கட்டுச்சோற்றில் விட்டுப்போனது யாதென்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் முறையோ ஐந்தாம் முறையோ, அம்முகமில்லாப் பலகை உங்கள் பெயரைக் கேட்டு, நீங்களே அமைத்த கடவுச்சொல்லை ஏற்று, கட்டளைக்குக் காத்து நிற்கும். ஆசிரியர் ஆயத்தம் செய்து தந்த அட்டையால் அந்த மகிழ்ச்சி கிட்டாது.